பெல்ட் எப்போ மாத்தினது? – பழைய டீசல் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டும் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளுக்கு,

திருச்சியில் இருபத்தாறு வருஷமாக இன்ஜின் ஹெட் வேலை பார்க்கிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது. மெக்கானிக்தான் ஹெட்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றி என் பட்டறைக்குக் கொண்டுவருவார். நீங்கள் அவருடைய ஷெட்டு வாசலில் ஃபோனைக் காதில் வைத்தபடி நின்றிருப்பீர்கள். ஒத்துக்கொண்ட சவாரியை வேறொரு நண்பருக்கு மாற்றிவிட்டுக்கொண்டிருப்பீர்கள். பத்தாம் தேதி டியூ, அடுத்த மாதம் எஃப்.சி., பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸ் என்று மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிற்பை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மார்கழியில் ஒரு தம்பி தானே ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். மெக்கானிக்குக் காய்ச்சல். தம்பிக்கு இருபத்தெட்டு வயசு இருக்கும். கழுத்தில் துளசி மாலை, இடுப்பில் கறுப்பு வேட்டி. மூன்று மாதம் முன்னால்தான் பழைய டீசல் செடான் ஒன்றை ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு வாங்கி மஞ்சள் போர்டு போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். சபரிமலை சீசனுக்கு ஆறு டிரிப் புக் ஆகியிருந்ததாம். இரண்டாவது டிரிப்புக்கு ஆட்களை ஏற்ற விழுப்புரத்துக்குப் போகும்போது, உளுந்தூர்பேட்டை தாண்டியதும் வண்டி திடீரென்று செத்துப்போயிருக்கிறது. சத்தம் பெரிதாக எதுவும் இல்லை. ‘டப்’ என்று ஒன்று, அவ்வளவுதான். ஸ்டியரிங் இரும்பாக இறுகிவிட்டது. பிரேக்கும் இரண்டு மிதி மிதித்ததும் கல்லாகிவிட்டது. பின்னால் ஒரு ஆம்னி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வர, எப்படியோ ஓரம் கட்டியிருக்கிறார்.

ஹெட்டைக் கவிழ்த்து வைத்து எட்டு வால்வையும் கழற்றினேன். ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து விரலால் உருட்டிக் காட்டினேன். நல்ல வால்வு என்றால் தண்டு கண்ணாடியில் ஒட்டியபடி நேராக உருளும். இவருடைய வால்வுகள் நொண்டிக்கொண்டு உருண்டன. ஐந்து வளைந்திருந்தன. ஒன்றின் தலை ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு. பிஸ்டன் மண்டையிலும் அதே பிறை இருக்கும் என்று சொன்னேன். ஃபோனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினார், இருந்தது.

“பெல்ட் எப்போ மாத்தினது தம்பி?”

“வாங்கும்போதே கேட்டேண்ணே. மாத்தியாச்சுன்னாங்க.”

“பில்லு?”

பதில் இல்லை.

இந்த மூன்று வரிப் பேச்சை இருபத்தாறு வருஷத்தில் எத்தனை தடவை பேசியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே மனசு வரவில்லை. “மாத்தியாச்சு” என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை. எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டரில், எந்தக் கம்பெனி பெல்ட், டென்ஷனரும் சேர்த்தா? எதற்கும் பதில் இருக்காது. நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வந்தது ஒன்றுதான். பில் இல்லாத பெல்ட்டை மாற்றாத பெல்ட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி உங்கள் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே அதை மாற்றிவிடுங்கள். சீட் கவர், மியூசிக் சிஸ்டம், முன் கண்ணாடியில் சாமி படம் எல்லாம் அதற்கப்புறம் வரட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த ஒரு பாகம் உள்ளே என்ன செய்கிறது என்று உங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்ஜினுக்குக் கீழே கிராங்க் ஷாஃப்ட், மேலே கேம் ஷாஃப்ட். கிராங்க் பிஸ்டனை ஏற்றி இறக்கும். கேம் வால்வுகளைத் திறந்து மூடும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஒரு பல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இரண்டையும் கட்டிப்போட்டிருப்பது பல் வைத்த ரப்பர் வாரான அந்த டைமிங் பெல்ட்தான். நான்குவழிச் சாலையில் 2400 ஆர்.பி.எம்.-மில் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு வால்வும் ஒரு நொடிக்கு 20 தடவை இறங்கி ஏறுகிறது. வால்வு இறங்கும்போது பிஸ்டன் விலகிக் கொடுக்கிறது, பிஸ்டன் ஏறும்போது வால்வு உள்ளே போய்விடுகிறது.

டீசல் இன்ஜினில் இந்த விலகல்தான் உயிர். ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினைந்து மடங்குக்கு மேல் அமுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் எரிய வேண்டும். அதற்காகப் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவில் சுமார் ஒரு மில்லிமீட்டர் இடம்தான் விட்டிருப்பார்கள். பெல்ட் அறுந்தால் கேம் அந்த நொடியே நின்றுவிடும், சில வால்வுகள் திறந்த வாயோடு தொங்கும். வண்டி கியரில் ஓடிக்கொண்டிருப்பதால் கிராங்க் நிற்காது. பிஸ்டன் மேலே வந்து தொங்கும் வால்வை முட்டும். சில பெட்ரோல் இன்ஜின்களில் முட்டாத அளவுக்கு இடம் உண்டு. அங்கே பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், புது பெல்ட் போட்டால் ஓடும். ஆனால் உங்கள் கையில் இருக்கிற டீசல் வண்டியில் அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது காசுக்கு வருகிறேன். அந்தத் தம்பியின் கணக்கை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். உளுந்தூர்பேட்டையிலிருந்து டோயிங், எட்டு வால்வும் புதுசு (வளைந்த ஐந்தை மட்டும் மாற்றிவிட்டு மீதியை நம்பி விடுவதை நான் செய்வதில்லை), வால்வு கைடு, வால்வு சீல், சீட் கட்டிங், ஹெட் ஃபேசிங், ஹெட் கேஸ்கெட், ஹெட் போல்ட், ஆயில், ஃபில்டர், கூலன்ட், அப்புறம் அந்த டைமிங் பெல்ட் கிட், வாட்டர் பம்ப், மெக்கானிக் கூலி. எல்லாம் சேர்த்து 61,400 ரூபாய். வண்டி பத்தொன்பது நாள் ஷெட்டில் கிடந்தது. மீதி இருந்த சபரிமலை டிரிப்புகள் அத்தனையும் போயிற்று. பிஸ்டன் உடையவில்லை, பிளாக்குக்குச் சேதமில்லை. அதனால் இதோடு தப்பினார். உடைந்திருந்தால் வண்டி வாங்கிய விலையைத் தொட்டிருக்கும்.

அதே பெல்ட்டை டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப்போடு சேர்த்து முன்கூட்டியே மாற்றியிருந்தால் அந்த வண்டிக்கு 10,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். நீங்கள் டீசலுக்குக் கிலோமீட்டர் கணக்குப் போடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். இதையும் அப்படியே போட்டுப் பாருங்கள். 80,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை 10,000 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை காசு. டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது, பதினைந்து கிலோமீட்டர் மைலேஜ் தரும் வண்டிக்கு டீசல் மட்டும் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் ஆகிறது. ஆறு ரூபாயைத் தினமும் கண் முன்னால் கொடுத்துவிட்டு, பன்னிரண்டரை காசை எடுத்து வைக்க மறந்துவிடுகிறோம். 400 கிலோமீட்டர் டிரிப் ஒன்றுக்கு 50 ரூபாய். டோலுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. தனி டப்பாவிலோ கணக்கிலோ போட்டு வையுங்கள். முன்பு 28 சதவீதம் வரி போட்ட வண்டி பாகங்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பில் கேட்டு வாங்குவதற்கு முன்பிருந்த தயக்கம் இனித் தேவையில்லை. பில் இருந்தால்தான் நாளைக்கு நீங்கள் வண்டியை விற்கும்போது, வாங்குகிற இன்னொரு தம்பிக்குக் காட்ட முடியும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். வழக்கமான மோட்டார் பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் விலக்கப்பட்டவை. பெல்ட் அறுந்து வால்வு வளைந்தால் கிளைம் கிடையாது. டோயிங் உதவி சேர்த்திருந்தால் அதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா செயினா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டில் இதைப் பற்றி நடக்கும் வாதங்களைக் கேட்டிருக்கிறேன், பாதி தப்பாகத்தான் இருக்கும். ஸ்விஃப்ட், டிசையர் டீசலில் இருக்கும் 1.3 இன்ஜின் செயின். எட்டியோஸ் டீசலும் செயின். இண்டிகா டீசல் பெல்ட். லோகன், வெரிட்டோ, டஸ்டர் டீசல்களில் இருப்பது ஒரே 1.5 லிட்டர் இன்ஜின், அது பெல்ட். ஃபிகோ, ஈகோஸ்போர்ட் டீசலும் பெல்ட்தான். பழைய இன்னோவா 2.5 டீசல் பெல்ட், அதற்கப்புறம் வந்த கிரிஸ்டா 2.4 டீசல் செயின். “என் மாமா இன்னோவா ஓட்டுறார், அவருக்குப் பெல்ட்டே கிடையாது” என்று யாராவது சொன்னால், எந்த இன்னோவா என்று கேளுங்கள்.

பழைய இன்னோவாக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் மீட்டரில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு உண்டு. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆனதும் எரியும். பெல்ட் தேய்ந்ததைப் பார்த்து எரிகிற விளக்கு அல்ல அது, கிலோமீட்டரை எண்ணி எரிகிறது. பெல்ட் மாற்றிய பிறகு மெக்கானிக் அதைத் திரும்பப் பூஜ்யத்துக்கு வைக்க வேண்டும். பெல்ட்டை மாற்றாமலேயே பூஜ்யத்துக்கு வைக்கவும் முடியும், மீட்டரில் இருக்கிற குமிழை அழுத்தினால் போதும். அதனால் வாங்கும்போது விளக்கு எரியவில்லை என்பதைப் பெல்ட் மாற்றியதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்தனைக்கும் அந்த வண்டியில் பெல்ட் மாற்றுவது சுலபமான வேலை. காலையில் விட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் எடுத்துக்கொண்டு போகலாம்.

செயின் வண்டி வைத்திருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் சொல்ல மாட்டேன். செயின் ஆயிலில் ஓடுகிறது, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. பத்தாயிரத்தில் மாற்ற வேண்டிய ஆயிலைப் பதினெட்டாயிரம் வரை ஓட்டினால் செயின் நீளும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கத்திலிருந்து ‘கரகர’ என்று ஒரு சத்தம் வந்து அடங்கும். அது வந்தால் காட்டுங்கள். செயின் வேலை பெல்ட் வேலையைவிடச் செலவு.

பெல்ட் என்பது ஏதோ மட்டமான ஏற்பாடு, கம்பெனிக்காரன் காசு மிச்சம் பிடிக்க வைத்தது என்று பேசுபவர்களும் உண்டு. செயினைவிடச் செலவு குறைவு என்பது உண்மைதான். சத்தமும் குறைவு, எடையும் குறைவு, அது ஓட ஆயிலும் வேண்டாம். ஜெர்மனியில் கிளாஸ் என்ற சின்னக் கம்பெனி 1962-ல் கொண்டுவந்த 1004 என்ற காரில்தான் இது முதன்முதலாகப் பெரிய எண்ணிக்கையில் வந்தது. அறுபது வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க ஓடுகிறது. ரப்பருக்குள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள், பல்லின் மேல் நைலான் துணி. கையில் எடுத்துப் பார்த்தால் இவ்வளவு லேசான பொருளா இந்த வேலையைச் செய்கிறது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும். அதற்கு ஆயுள் இவ்வளவு என்று கம்பெனி புத்தகத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டான். அதைப் படிக்காத பழி நம் மேல்தான். அந்தப் புத்தகம் வண்டியோடு வரவில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் இன்ஜின் நம்பர் சொல்லிக் கேளுங்கள்.

புத்தகத்தில் கிலோமீட்டரோடு வருஷமும் போட்டிருந்தால், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. இதை ஒரு லட்சம் ஓடாத வண்டி வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். “டாக்டர் வெச்சிருந்த வண்டிண்ணே, பன்னெண்டு வருஷத்துல நாப்பத்தஞ்சாயிரம்தான் ஓடியிருக்கு” என்று சந்தோஷமாக வருவார்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் கிழடாகும். நம்மூர் சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் பானெட்டுக்குள் கை வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வருஷப் பெல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமாக மடக்கினால் பல்லுக்கடியில் முடி முடியாக வெடிப்பு தெரியும். வண்டியில் இருக்கும்போது அந்த வெடிப்பு மூடியே இருக்கும். மேல் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாயிற்று. மோசமான பெல்ட்டைக் கண்ணால் பிடித்துவிடலாம். ஆனால் பார்வைக்கு நன்றாகத் தெரிகிற பெல்ட் நல்ல பெல்ட்தான் என்று கண்ணை நம்பிச் சொல்ல முடியாது.

பெல்ட் அதுவாக அறுவதைவிட, பக்கத்தில் இருப்பவை அதை அறுப்பதுதான் என் மேஜைக்கு அதிகம் வருகிறது. ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் அல்லவா? நம்மூர்த் தண்ணீரில் வாட்டர் பம்ப் உள்ளே துரு ஏறும், சீல் போகும், பேரிங் ஆடும். பல வண்டிகளில் அந்தப் பம்ப்பைச் சுற்றுவதும் டைமிங் பெல்ட்தான். பம்ப் ஒரு நாள் இறுகி நின்றால், புதுப் பெல்ட்டாக இருந்தாலும் பல் உதிர்ந்துவிடும். கிராங்க் ஆயில் சீல் கசிந்து பெல்ட்டில் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப்போகும். வெளியே ஆல்டர்னேட்டரைச் சுற்றும் சாதாரணப் பெல்ட்டை அலட்சியமாக விடுவோம். அது பிரிந்து, அதன் நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து, டைமிங் பெல்ட்டைப் பல் மாற வைத்த ஒரு வண்டியின் ஹெட்டை நானே செய்து கொடுத்திருக்கிறேன். முந்நூறு, நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை. அதனால்தான் பெல்ட்டை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள் என்கிறேன். டென்ஷனர், ஐட்லர், அந்தப் பெல்ட்டில் சுற்றும் வண்டியானால் வாட்டர் பம்ப், கசிவு இருந்தால் சீல், வெளிப் பெல்ட், எல்லாம் ஒரே கழற்றலில் முடியட்டும். கூலி ஒரு தடவைதான்.

மெக்கானிக்கிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுகிறீர்கள். எனக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. பெட்டி உங்கள் முன்னால் பிரிக்கப்படட்டும். பழைய பெல்ட்டையும் டென்ஷனரையும் உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். புதுப் பெல்ட்டை முறுக்கவோ மடிக்கவோ விடாதீர்கள், உள்ளே இழை உடைந்துவிடும். மாட்டி முடித்ததும் செல்ஃப் அடிப்பதற்கு முன்னால் கிராங்க்கை ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் மார்க் திரும்ப அதே இடத்தில் வந்து நிற்கிறதா என்று பார்ப்பார்கள். கையால் சுற்றும்போது எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திச் சரி பண்ணலாம். சாவியைத் திருப்பி முட்டினால் என்னிடம்தான் வர வேண்டும். அந்த இரண்டு சுற்று முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே இருங்கள், டீக்கடைக்கு அப்புறம் போகலாம். கடைசியாகப் பெல்ட் கவரின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் தேதியும் கிலோமீட்டரும் எழுதச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொல்லியும் ஓட்டத்தில் அறுந்துவிட்டால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வண்டி தானாக நின்றுபோய், செல்ஃப் அடித்தால் வழக்கமான கனம் இல்லாமல் லேசாக ‘விர்ர்’ என்று வேகமாகச் சுற்றுகிறதா? மறுபடி அடிக்காதீர்கள். நாலு பேரை இறக்கித் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இன்னொரு வால்வு வளையும். உளுந்தூர்பேட்டைத் தம்பி பதற்றத்தில் ஏழெட்டுத் தடவை அடித்தேன் என்றார். அடிக்காமல் இருந்திருந்தால் எத்தனை வால்வு தப்பியிருக்கும் என்று அவர் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு அது தெரிந்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

போன மாதம் அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஹெட் இல்லை, பின்னால் இன்னொரு பையன். அவருடைய மச்சினனாம், பழைய டஸ்டர் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறானாம். “அண்ணே, பெல்ட் மாத்தியாச்சுன்னு சொல்றாங்க, பில்லு இல்லை. வெலையில பத்தாயிரம் கொறைச்சுக் கேட்கச் சொல்லியிருக்கேன், சரிதானே?” என்றார். சரிதான் என்றேன். குறைத்தார்களாம். மறுநாளே புது கிட் மாட்டியாயிற்று.

உங்களில் யாருக்காவது வண்டியில் இருப்பது பெல்ட்டா, எத்தனை வருஷம் ஆயிற்று என்பதில் சந்தேகம் இருந்தால் பட்டறைக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை திறந்திருப்பேன். வண்டி பேப்பர், பழைய பில் ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். மேல் மூடியைக் கழற்றிப் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

இப்படிக்கு,
ஹெட் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன்,
திருச்சி.